முதலில் தண்ணீர், பிறகுதான் மீன்

தில்லியில் வாழும் நம்மவர் வீடுகள் பலவற்றில் இப்போது கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியைப் பார்க்கலாம். அதில் நாலைந்து வண்ண மீன்கள் நீந்திக்கொண்டிருக்கும். நாய் வளர்க்க வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். பூனை என்றால், கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது யாரிடம் விட்டுச் செல்வது என்ற கவலை. மூன்றாவது மாடியில் இரண்டு அறைக் குடியிருப்பில் குழந்தைகளின் ஆசைக்கு ஈடுகொடுக்கக்கூடிய உயிர் மீன் ஒன்றுதான். ஆகவே இந்தப் பழக்கத்தை நான் குறை கூற வரவில்லை. நல்ல பழக்கம் என்றே சொல்வேன்.

நான் குறை கூறுவது, நாம் அதை ஆரம்பிக்கும் முறையை. ஞாயிற்றுக்கிழமை மாலை குடும்பத்தோடு கடைக்குப் போகிறோம். தொட்டி, காற்று மோட்டார், வண்ணக் கூழாங்கல், பிளாஸ்டிக் செடி, வாயைத் திறந்து மூடும் பொம்மை முதலை, இவற்றோடு பாலிதீன் பையில் பத்து மீன்கள். எல்லாம் ஒரே ஆட்டோவில் வீடு வந்து சேர்கின்றன. இரவுச் சாப்பாட்டுக்குள் தொட்டி நிரம்பிவிடுகிறது. குழந்தைகள் ஆளுக்கொரு மீனுக்குப் பெயர் வைக்கிறார்கள். புதன்கிழமை காலையில் ஒன்று மல்லாந்து மிதக்கிறது. வெள்ளிக்கிழமை இரண்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் காலி செய்து, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி, இறந்தவற்றுக்குப் பதில் புது மீன்கள் வாங்கி விடுகிறோம். கதை மறுபடியும் முதலிலிருந்து நடக்கிறது. மூன்று மாதம் கழித்துத் தொட்டி பால்கனிக்குப் போகிறது. பிறகு அதில் வெங்காயம் கொட்டி வைக்கப்படுகிறது.

இதில் தவறு மீனிடம் இல்லை. பெரும்பாலும் கடைக்காரரிடமும் இல்லை. வரிசை தவறு. தொட்டியும் மீனும் ஒரே நாளில் வீட்டுக்குள் வரக் கூடாது. தொட்டி வந்து, தண்ணீர் நிரம்பி, குறைந்தது ஒரு மாதம் மீனில்லாமல் ஓடிய பிறகே மீன் வர வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்துவது இது ஒன்றைத்தான்.

திருஷ்டியும் மீனும்

மீன் இறந்ததும் நம் வீடுகளில் ஓர் ஆறுதல் மொழி எழுவதுண்டு. "வீட்டுக்கு வர இருந்த கெடுதலை அது வாங்கிக்கொண்டு போய்விட்டது, திருஷ்டி கழிந்தது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். வாஸ்து பார்த்துத் தொட்டி வைத்தவர்கள் என்றால் இதை இன்னும் உறுதியாகச் சொல்வார்கள். வடகிழக்கு மூலை, எட்டுத் தங்க மீன், ஒரு கறுப்பு மீன் என்று கணக்கு வைத்து வாங்கியிருப்பார்கள். கறுப்பு மீன் முதலில் போனால் மனத்துக்குள் ஒரு நிம்மதிகூட உண்டாகும்.

எவருடைய நம்பிக்கையையும் கேலி செய்வது என் நோக்கமன்று. அழுகிற குழந்தையைத் தேற்ற வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் சொல்லில் அன்பு இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் ஒரு தீமையும் செய்கிறது. "ஏன் இறந்தது?" என்ற கேள்வியை அது அங்கேயே அடைத்துவிடுகிறது. கேள்வி அடைபட்டதால் அடுத்த வாரமும் மீன் இறக்கிறது. ஐந்து வயதுக் குழந்தை இதிலிருந்து கற்றுக்கொள்வது என்ன? உயிர் போனால் இருபது ரூபாய்க்கு இன்னொன்று வாங்கலாம் என்பதை. அந்தப் பாடத்தை நாம் வீட்டில் வைத்துக் கற்றுக்கொடுக்கலாமா?

தங்க மீன் நாலு நாள் வாழப் பிறந்ததன்று. நல்ல தொட்டியில் பத்து ஆண்டுக்கு மேல் சாதாரணமாக இருக்கும். இங்கிலாந்தில் ஒரு வீட்டில் வளர்ந்த தங்க மீன் 43 ஆண்டுகள் இருந்து 1999ஆம் ஆண்டில்தான் இறந்தது. அவ்வளவு ஆயுள் உள்ள ஒன்று நம் வீட்டில் நாலாம் நாள் மிதக்கிறது என்றால், காரணத்தைத் தண்ணீரில் தேடுவதே முறை.

வஜீராபாத்தும் நம் வரவேற்பறையும்

தில்லிவாசிகளுக்கு அம்மோனியா என்ற சொல்லை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. குளிர்காலம் வந்தால் செய்தித்தாளில் அது வந்துவிடும். யமுனையில் அம்மோனியா கூடிவிட்டது, வஜீராபாத், சந்திராவல் சுத்திகரிப்பு நிலையங்களில் உற்பத்தி குறைப்பு, குடிநீர் வாரியத்தின் அறிவிப்பு, நம் தெருவில் லாரித் தண்ணீர். 2025 ஜனவரியில் இந்த விவகாரம் தேர்தல் மேடை வரைக்கும் போனது. ஆற்று நீரில் லிட்டருக்குச் சுமார் 1 மில்லிகிராம் அம்மோனியா என்ற அளவைத் தாண்டினால் அந்த நிலையங்களால் சமாளிக்க முடிவதில்லை. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் அளவோ லிட்டருக்கு 0.5 மில்லிகிராம்தான்.

அதே அம்மோனியாதான் நம் வரவேற்பறைத் தொட்டியில் மீனைக் கொல்கிறது. இது வெளியிலிருந்து வருவதன்று. மீன் மூச்சுவிடும்போது செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அதன் கழிவிலும், தின்னாமல் அடியில் கிடக்கும் தீவனத்திலும் இருந்து மேலும் உண்டாகிறது. ஆற்றில் ஓடுகிற தண்ணீர் அதைக் கொண்டுபோய்விடும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியில் விளிம்பு வரை ஊற்றினாலும் 57 லிட்டர்தான் தண்ணீர். அதில் பத்து மீன்களை விட்டுக் குழந்தைகள் மாறி மாறித் தீவனம் போட்டால், வஜீராபாத்தை நிறுத்தும் அளவு ஒரு வாரத்துக்குள் வந்துவிடும். நாம் குளிப்பதற்குக்கூட யோசிக்கும் தண்ணீரில் அது மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. தண்ணீரில் அம்மோனியா இரண்டு உருவில் இருக்கும். ஒன்று அவ்வளவாகத் தீங்கு செய்யாது. மற்றொன்று கொடிய நஞ்சு. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் காரத்தன்மை தீர்மானிக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 உள்ள நீரில் நூற்றில் அரைப் பங்குதான் நஞ்சு உருவில் இருக்கும். பி.எச். 8 ஆகிவிட்டால் அது நூற்றில் ஐந்து பங்குக்கும் மேல். அதாவது பத்து மடங்கு. தில்லியின் பல பகுதிகளில் போர்வெல் நீர் கடின நீர். பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும் அந்த நீரில் காரத்தன்மையும் கூடுதலாக இருப்பது வழக்கம். ஒரே அளவு அழுக்குக்கு இங்கே மீன் கூடுதல் விலை கொடுக்கிறது.

இவ்வளவும் நடக்கும்போது தண்ணீர் பளிங்குபோல் தெளிவாகவே இருக்கும். அம்மோனியாவுக்கு நிறம் இல்லை; இந்த அளவில் நம் மூக்குக்கு வாசனையும் தெரியாது. "தண்ணீர் சுத்தமாகத்தானே இருக்கிறது" என்று நாம் வியப்பது அதனால்தான்.

கண்ணுக்குத் தெரியாத சமையலாட்கள்

அப்படியானால் வருடக்கணக்கில் ஓடும் தொட்டிகளில் மீன் எப்படி வாழ்கிறது? அங்கே அம்மோனியாவைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் குடியேறியிருக்கின்றன. முதல் கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சுதான், அது மீனின் இரத்தத்தில் கலந்து, பிராணவாயுவைச் சுமக்கும் திறனைக் கெடுக்கிறது. இரத்தம் பழுப்பு நிறமாகி, காற்று மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீன் மூச்சுத் திணறும். இரண்டாவது கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் ஓரளவு வரை தீங்கு செய்யாது. செடிகள் அதை உண்ணும். மிஞ்சியதை வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றி நாம் அகற்றிவிடலாம்.

இப்படி இரண்டு படியாக வேலை நடக்கிறது என்பதை 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் செர்கெய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் மண்ணை ஆராய்ந்து நிறுவினார். மீன் தொட்டிகள் பிற்பாடு இந்த ஆராய்ச்சிக்குப் பெரும் உதவி செய்திருக்கின்றன. அம்மோனியாவை உண்ணும் புது வகை நுண்ணுயிர் ஒன்றை 2005இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மீன் காட்சியகத்தில், ஒரு தொட்டியின் கூழாங்கல்லிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இரண்டு படி வேலையையும் ஒரே உயிர் செய்ய முடியும் என்று 2015இல் உலகுக்குத் தெரியவந்தபோது, ஆதாரமான உயிர்களில் ஒன்று மீன் வளர்ப்புக்கான நீர்ச் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து கிடைத்தது. நாம் சோப்புப் போட்டுக் கழுவிச் சாக்கடையில் விடும் வழுவழுப்பில் விஞ்ஞானிகள் புதையலைக் கண்டிருக்கிறார்கள்.

இந்த நுண்ணுயிர்கள் தண்ணீரில் மிதப்பது குறைவு. ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் ஒட்டிக்கொண்டு வாழும். மெதுவாகத்தான் பெருகும். புதுத் தொட்டியில் இரண்டு கூட்டமும் போதிய அளவு சேர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். குளிர் என்றால் இன்னும் தாமதம்.

தில்லியில் குடித்தனம் நடத்தும் நம் பெண்மணிகளுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். ஜனவரி மாதத்தில் இட்லிக்கு அரைத்த மாவு புளிக்க என்ன பாடு படுகிறது! கம்பளி சுற்றி வைக்கிறோம். ஹீட்டர் பக்கத்தில் வைக்கிறோம். இரண்டாம் நாள்தான் பொங்குகிறது. பாலுக்கு உறை ஊற்றினால் மறுநாள் மதியம் வரை தயிர் தோயாது. மாவைப் புளிக்க வைக்கும் உயிர்கள் வேறு, தொட்டியில் வேலை செய்யும் உயிர்கள் வேறு. ஆனால் நியதி ஒன்றே: அவை பெருகும் வரை காத்திருக்க வேண்டும். அரைத்த மாவை அந்த நிமிஷமே இட்லியாக வார்க்கும் குடும்பத் தலைவி யாரும் இல்லை. தொட்டி விஷயத்தில் மட்டும் நாம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

அந்த ஒரு மாதம்

இனி அந்த ஒரு மாதத்தில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் இடம். 57 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டும் 57 கிலோ. கண்ணாடி, கல் எல்லாம் சேர்த்தால் ஓர் ஆள் எடைக்கு மேல் வரும். ஆடாத, சமமான மேஜை வேண்டும்; தொட்டிக்கு அடியில் தெர்மோகோல் அட்டை வேண்டும். நேர் வெயில் படும் ஜன்னலோரம் கூடாது. பாசி பிடிக்கும், மே மாதத்தில் தண்ணீர் கொதிக்கும். தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் இருப்பதால் எர்த் உள்ள பிளக் கட்டாயம். தொட்டிக்குள் கைவிடுமுன் எல்லா சுவிட்சையும் அணைக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அது கிருமியைக் கொல்வதுபோல நமக்கு வேண்டிய நுண்ணுயிர்களையும் கொல்லும். மீனின் செவுளையும் புண்ணாக்கும். வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது பொதுவாகச் சரி. ஆனால் நீரில் அம்மோனியா கலந்திருந்தால் குளோரின் அதோடு சேர்ந்து குளோரமின் ஆகிவிடும். அது ஒரு நாளில் போகாது. ஆகவே கடையில் விற்கும் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தைச் சீட்டில் கண்ட அளவில் சேர்ப்பதே பாதுகாப்பு. அவற்றுள் பலவற்றில் இருப்பது பழைய போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் பயன்படுத்திய அதே 'ஹைப்போ'தான். அது குளோரினை அகற்றும், அம்மோனியாவை அகற்றாது.

பிறகு ஸ்பாஞ்ச் ஃபில்டரை மாட்டி இரவும் பகலும் ஓட விடுங்கள். இந்த நுண்ணுயிர்களுக்குப் பிராணவாயு மிக முக்கியம். குளிர்காலத்தில் தொடங்கினால் ஹீட்டர் போட்டு 26 டிகிரியில் வையுங்கள். சூடேற்றாத அறையில் ஜனவரித் தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே போகும். அதில் வேலை ஊர்ந்துதான் நடக்கும்.

மீன் இல்லாத தொட்டியில் நுண்ணுயிர்களுக்கு உணவு எங்கிருந்து வரும்? நாம்தான் போட வேண்டும். நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் தீவனத்தைக் காலித் தொட்டியில் தூவுங்கள். அது அழுகி அம்மோனியா ஆகும். சிலர் உரித்த இறாலைத் துணியில் கட்டிப் போடுவார்கள். சைவ வீடுகளில் அந்தச் சிரமம் வேண்டாம். இன்னும் கணக்காகச் செய்ய விரும்புவோர் அம்மோனியம் குளோரைடைப் பயன்படுத்தலாம். நம் பாட்டிமார் அறிந்த நவச்சாரம்தான் அது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் வைத்திருப்பார். இங்கே இந்தியில் நௌசாதர் என்பார்கள். ஆனால் பூச்சு வேலைக்கு விற்பதில் வேறு கலப்பு இருக்கக்கூடும். பரிசோதனைச்சாலைத் தரத்தில் வாங்குவதே நல்லது. 57 லிட்டருக்கு அரை கிராமுக்கும் குறைவாகப் போட்டாலே லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா கிடைத்துவிடும். இதைக் குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது.

காத்திருப்பைச் சுருக்க ஒரு நல்ல வழி உண்டு: உறை ஊற்றுவதுதான். நண்பர் வீட்டில் நோயின்றி ஓடும் பழைய தொட்டி இருந்தால், அதன் ஸ்பாஞ்சில் ஒரு துண்டோ ஒரு கைப்பிடிக் கூழாங்கல்லோ கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து நம் தொட்டியில் போடலாம். வாரக்கணக்கில் நேரம் மிச்சமாகும். பாட்டிலில் விற்கும் நுண்ணுயிர்க் கலவைகளில் சில உதவும். அலமாரியில் கிடந்து செத்துப்போனவையும் உண்டு. எதைப் போட்டாலும் சோதித்துப் பார்க்காமல் நம்பக் கூடாது.

சோதிப்பது எளிது. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றுக்கும் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டிகள் கிடைக்கின்றன. குழாயில் கொஞ்சம் தண்ணீர், சில சொட்டு மருந்து, நிறத்தை அட்டையோடு ஒப்பிடுவது, அவ்வளவுதான். குடும்பத்தோடு ஒருவேளை ஓட்டலில் சாப்பிடும் செலவு. முதலில் அம்மோனியா ஏறும். பத்துப் பதினைந்து நாளில் அது இறங்கத் தொடங்க, நைட்ரைட் ஏறும். பிறகு நைட்ரைட்டும் இறங்கி நைட்ரேட் தோன்றும். 2 மில்லிகிராம் அளவுக்கு அம்மோனியா சேர்த்து, 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக இருந்தால் தொட்டி தயார். தீவனம் போடும் முறையில் செய்வோர், தொடர்ந்து போட்டுவரும்போதே ஒரு வாரம் முழுவதும் இரண்டும் பூஜ்யமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடையில் தண்ணீர் பால்போல் கலங்கினால் பயப்பட வேண்டாம்; கொட்டிக் கழுவவும் வேண்டாம். தானே தெளியும்.

தயாரான பின் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு முதல் மீன்களை விடலாம். பத்து அல்ல, மூன்று அல்லது நான்கு. நம் கடின நீருக்கு கப்பி, மோலி, பிளாட்டி ஒத்துவரும். கங்கைச் சமவெளிக்கே சொந்தமான வரி போட்ட ஜீப்ரா மீனும் நல்லது; ஓரளவு குளிரையும் தாங்கும். தங்க மீன் அழகானது. ஆனால் அதிகம் தின்று அதிகம் கழிக்கும், அரையடிக்கு மேல் வளரும். இரண்டடித் தொட்டியில் ஒன்பது தங்க மீனுக்கு எந்தத் திசையிலும் இடம் இல்லை. இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கும் அளவே தீவனம். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீர் மாற்றம். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாமல், மாற்றிய தண்ணீரிலேயே பிழிந்து மாட்ட வேண்டும். சோப்பு அந்தப் பக்கமே வரக் கூடாது.

ஏற்கெனவே மீனை விட்டுவிட்டவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. தீவனத்தை இரண்டு நாளைக்கு ஒருமுறை எனக் குறைத்து, குளோரின் நீக்கிய தண்ணீரைக் கொண்டு நாள்தோறும் கால் பங்கு மாற்றி வந்தால், பெரும்பாலான மீன்களைக் காப்பாற்றிவிடலாம். முழுத் தொட்டியையும் கழுவுவதும் புது மீன் சேர்ப்பதும் மட்டும் வேண்டாம்.

சில மறுப்புகள்

இதைச் சொன்னால் நண்பர்கள் வழக்கமாகச் சில மறுப்புகளை எழுப்புவார்கள்.

"நம் ஊர்க் கிணற்றில் மீனைப் பிடித்து விட்டோமே, யார் ஒரு மாதம் காத்திருந்தார்கள்?" என்பார்கள். கொசுப் புழுவைத் தின்ன நாலு மீனை விட்ட அந்தக் கிணற்றில் ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர். சுவரெல்லாம் பாசி, அடியில் சேறு. அந்த நுண்ணுயிர்கள் அங்கே பல வருடமாகக் குடியிருந்தன. யாரும் கிணற்றைச் சோப்புப் போட்டுக் கழுவவில்லை. நாளுக்கு மூன்று வேளை தீவனமும் போடவில்லை.

"கடைக்காரரே இன்றைக்கே விடலாம் என்கிறாரே" என்பது அடுத்தது. தொட்டி வாங்க வந்தவரை மீனில்லாமல் அனுப்பினால் அவர் திரும்பி வருவாரோ மாட்டாரோ என்பது கடைக்காரரின் பயம். நாமே தீர்மானமாக "மீன் அடுத்த மாதம்" என்று சொன்னால் அவர் சண்டைக்கு வரப்போவதில்லை. நல்ல கடைக்காரர் மகிழவே செய்வார். மீன் சாகும் வீட்டில் ஆர்வமும் சீக்கிரம் செத்துவிடும், வாடிக்கையும் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும்.

"குழந்தைகள் ஒரு மாதம் காத்திருக்குமா?" என்பதுதான் எல்லோரும் கேட்பது. காத்திருக்கும், வேலை கொடுத்தால். ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். இன்றைய தேதி, தண்ணீரின் வெப்பம், அம்மோனியா எவ்வளவு, நைட்ரைட் எவ்வளவு என்று அவர்களே எழுதட்டும். மருந்துச் சொட்டை நாம் விடலாம். நிறத்தை அவர்கள் பார்க்கட்டும். ஒன்று ஏறி இறங்க, மற்றொன்று ஏறி இறங்குவதைக் கோடு போட்டுப் பார்க்கும் குழந்தைக்குப் பள்ளிக்கூடப் பாடத்தில் வரும் நைட்ரஜன் சுழற்சி மனப்பாடம் செய்ய வேண்டிய படமாக இருக்காது. அதைவிடப் பெரிது, ஓர் உயிரை அழைப்பதற்கு முன் அதற்கு இடம் தயார் செய்ய வேண்டும் என்ற எண்ணம் மனத்தில் பதிவது.

நாம் வந்த விதம்

இது நமக்குத் தெரியாத எண்ணம் அன்று. இந்த ஊருக்கு நம்மில் பலர் வந்த விதத்தை நினைத்துப் பாருங்கள். வேலை கிடைத்ததும் குடும்பத்தையே ரயிலேற்றிக்கொண்டு யாரும் வரவில்லை. முதலில் ஒருவர் வந்தார். கரோல்பாகில் ஒற்றை அறையில் இரண்டு நண்பர்களோடு தங்கினார், மெஸ்ஸில் சாப்பிட்டார். பிறகு வீடு பார்த்தார். தண்ணீர் எந்த நேரம் வருகிறது என்று விசாரித்தார். கேஸ் இணைப்புக்கு எழுதிப் போட்டார். பக்கத்தில் நல்ல பள்ளிக்கூடம் உண்டா என்று பார்த்தார். எல்லாம் ஒருவாறு அமைந்த பிறகுதான் "புறப்பட்டு வாருங்கள்" என்று ஊருக்குக் கடிதம் போனது. அப்படித் தயார் செய்யப்பட்ட வீட்டுக்குள் வந்ததால்தான் நாம் இந்தக் குளிரிலும் வெயிலிலும் வேர் பிடித்தோம்.

இங்கே கடையில் நாம் பார்க்கும் மீன்களும் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்தவையே. வண்ண மீன் வளர்ப்பில் நாட்டின் பெரிய மையங்கள் சென்னைக் கொளத்தூரும் கொல்கத்தாவும். பாலிதீன் பையில் காற்றடைத்து, அட்டைப் பெட்டியில் இருட்டில் அவ்வளவு தூரம் பயணம் செய்து களைத்து வந்த உயிருக்கு நாம் காட்டும் வீடு, குடியிருக்க முடியாத தண்ணீராக இருக்கலாமா?

ஆகவே நம் சங்க அன்பர்களுக்கு மூன்று வேண்டுகோள். பிறந்தநாள் விழாவில் வரும் குழந்தைகளுக்குப் பையில் மீனைப் போட்டு எதிர்ப் பரிசாகக் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுவோம். வாங்கிப் போகும் வீட்டில் தொட்டியே இல்லாதபோது அது பரிசன்று, தண்டனை. கொடுத்தே ஆக வேண்டுமானால் ஒரு செடி கொடுப்போம். இரண்டாவது, பழைய தொட்டி வைத்திருப்பவர்கள் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கொடுத்து உதவுவோம். பக்கத்து வீட்டுக்கு உறைமோர் கொடுத்து வாங்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லையே. அதுபோல இதுவும் இருக்கட்டும். மூன்றாவது, மீன் இறந்தால் திருஷ்டி கழிந்தது என்று குழந்தையிடம் சொல்லி முடித்துவிடாமல், அதோடு சேர்ந்து தண்ணீரைச் சோதித்துப் பார்ப்போம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். தொட்டியையும் ஃபில்டரையும் சோதனைப் பெட்டியையும் வாங்கி வாருங்கள். மீனைக் கடையிலேயே விட்டு வாருங்கள். ஒரு மாதம் கழித்து அழைத்து வந்தால் அது பல ஆண்டுகள் உங்கள் வீட்டில் இருக்கும்.